எல்லைக்கு அப்பால் ஒரு வாடகை வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பசுந்தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காததால் எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றுவிட்டோம். மகள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அங்கே 1,50,000 பவுண்டுக்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை என் பெயரில் வாங்கி வாடகைக்கு விட்டால் மாதம் 800 பவுண்டு வரும் என்கிறாள். அஞ்சலகச் சேமிப்பைத் தவிர வேறு முதலீடு எதுவும் நான் செய்ததில்லை. இதில் இறங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: வெளிநாட்டில் வீடு வாங்க நினைப்பவர் விலையை விசாரிப்பதற்கு முன், அந்த நாடு அயலாரை வாங்க விடுகிறதா என்று விசாரிக்க வேண்டும். சிங்கப்பூரில் அயல்நாட்டவர் வீடு வாங்கினால் 2023 ஏப்ரல் முதல் 60 சதவீதம் கூடுதல் முத்திரை வரி உண்டு. ஆஸ்திரேலியா, ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளை அயல்நாட்டவர் வாங்குவதற்கு 2027 மார்ச் இறுதிவரை தடை விதித்துள்ளது. கனடாவின் தடை 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் அப்படித் தடை ஏதும் இல்லை. அங்கே ஒரு வீட்டின் உரிமையாளர் யார் என்பதை நிலப் பதிவகத்தில் சிறு கட்டணம் செலுத்தி எவரும் பார்த்துவிடலாம் என்பது, கூடலூர்ப் பக்கத்தில் பழைய ஜென்மிகளின் (நிலக்கிழார்களின்) கையிலிருந்து வந்த ஜென்ம நிலங்களின் உரிமைச் சிக்கல்களைப் பல்லாண்டுகளாகக் கேட்டுவரும் நீலகிரிக்காரர்களுக்குப் பெரிய நிம்மதியாகத் தோன்றும். உங்கள் விஷயத்தில் சிக்கல் உரிமையில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

முதலில் முத்திரை வரியைப் பாருங்கள். உலகில் எங்காவது சொந்த வீடு வைத்திருப்பவர் இங்கிலாந்தில் இன்னொரு வீடு வாங்கினால் 5 சதவீதமும், அந்நாட்டில் வசிக்காதவர் என்பதற்காக மேலும் 2 சதவீதமும் வழக்கமான வரியோடு சேரும். கோத்தகிரியில் உங்களுக்குச் சொந்த வீடு இருக்குமானால் இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். முதல் 1,25,000 பவுண்டுக்கு 7 சதவீதம், மீதி 25,000 பவுண்டுக்கு 9 சதவீதம் என்று 11,000 பவுண்டு கட்ட வேண்டும். நீங்கள் சொல்லும் வாடகை ஆண்டுக்கு 9,600 பவுண்டுதான். முதலாண்டு வாடகை முழுவதும் இந்த வரிக்கே போதாது. மகளையும் சேர்த்துக் கூட்டாக வாங்கினால் வரி குறையும் என்று சிலர் சொல்லக்கூடும். வாங்குவோரில் ஒருவருக்கு இந்தக் கூடுதல் வரி பொருந்தினாலும் முழு விலைக்கும் அது விதிக்கப்படும் என்பதே பொதுவான விதி.

அடுத்து, ஆண்டு வருமானம். அடுக்குமாடிக் குடியிருப்புகள் அங்கே பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை உரிமையாகவே விற்கப்படுகின்றன. கட்டடப் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் சேவைக் கட்டணம் உண்டு. நீங்கள் இங்கிருந்துகொண்டு வாடகைதாரரைக் கவனிக்க முடியாது என்பதால் முகவர் தேவைப்படுவார்; அவர் வாடகையில் பத்தில் ஒரு பங்காவது கேட்பார். எரிவாயுப் பாதுகாப்புச் சான்றை ஆண்டுக்கு ஒருமுறையும் மின் இணைப்புச் சான்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். சேவைக் கட்டணம் 1,500, முகவருக்கு 960, ஆள் இல்லாமல் கிடக்கும் ஒரு மாதத்துக்கு 800, பழுதுக்கும் சான்றுகளுக்கும் 500 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 5,840 பவுண்டு. அதற்கு அந்நாட்டு அடிப்படை வீதமான 20 சதவீத வரி போனால் கையில் நிற்பது ஏறத்தாழ 4,670 பவுண்டு. நீங்கள் போட்ட 1,61,000 பவுண்டுக்கு இது நூற்றுக்கு மூன்றுகூட ஆகவில்லை. நீங்கள் அறிந்த அஞ்சலகத்திலேயே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 30 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு அண்மைக் காலாண்டுகளில் 8.2 சதவீதம் கொடுத்துவருகிறது. வீட்டின் விலையும் பவுண்டின் மதிப்பும் ஏறும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் மான்செஸ்டர் பக்கம் தராசைச் சாய்க்கிறது. அந்த நம்பிக்கையில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

பணம் அனுப்புவதிலும் வரம்புகள் உள்ளன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கணவரின் வரம்பையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டுமானால் அவரும் வீட்டின் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். இங்குள்ள சொத்தின்பேரில் வங்கிக் கடன் பெற்று அந்தத் தொகையை அனுப்ப இந்த விதியில் இடமில்லை. முதலீட்டுக்காக அனுப்பும் தொகையில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வங்கி 20 சதவீதத்தை வரியாக முன்கூட்டியே பிடித்து வைக்கும். தொகை ரூபாயில் ஒன்றரைக் கோடியைத் தாண்டுவதால் குறைந்தது 28 லட்சம் ரூபாயைத் தனியாக வைத்திருக்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்தோ திரும்பப் பெற்றோ கொள்ளலாம் என்றாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கும்.

இங்கிலாந்தில் வரி கட்டிவிட்டதால் இங்கே கணக்குக் காட்ட வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் வசிப்பவரின் உலக வருமானம் முழுவதற்கும் இங்கே வரி உண்டு. இரு நாட்டு ஒப்பந்தப்படி அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் முகவர் கூலி, சேவைக் கட்டணம் போன்ற உண்மைச் செலவுகளைத் தனித்தனியே கழிக்க முடியாது. உள்ளாட்சி வரி போக எஞ்சும் வாடகையில் 30 சதவீதம் மட்டுமே கழிவு. வெளிநாட்டு வீட்டைக் கணக்கில் காட்டாமல் விட்டால், 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். வாடகை வரவில்லை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

வாடகைதாரரை வெளியேற்றுவதும் அங்கே எளிதன்று. 2026 மே 1 முதல், காரணம் கூறாமல் வெளியேற்றும் முறை இங்கிலாந்தில் நீக்கப்பட்டுள்ளது. வீட்டை விற்க வேண்டும் என்பதற்காகக் காலி செய்யச் சொல்வதானாலும், குடியேறி ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். நான்கு மாத முன்னறிவிப்பும் தேவை.

மகள் அங்கே வாடகை வீட்டில்தான் இருக்கிறாள் என்றால் வேறொரு வழியை யோசித்துப் பாருங்கள். அவள் பெயரிலோ, மணமாகியிருந்தால் கணவர் பெயரிலோ எங்கும் இதுவரை வீடு இருந்ததில்லை என்றால், தான் குடியிருப்பதற்காக அவள் வாங்கும் முதல் வீட்டுக்கு 3,00,000 பவுண்டு வரை முத்திரை வரியே கிடையாது. முன்தொகைக்கு மட்டும் நீங்கள் அன்பளிப்பாக உதவலாம். அந்த வீடு அவளுடையதே தவிர உங்கள் முதலீடு ஆகாது என்பதை இருவரும் முன்னதாகவே மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் பணிபுரியும் இந்தியக் குடிமகன் நான். கொடைக்கானலை அடுத்த வில்பட்டிப் பக்கம், அரை ஏக்கர் காப்பித் தோட்டத்தோடு ஒரு சிறு வீடு விலைக்கு வருகிறது. வாங்கி வாடகைக்கு விட எண்ணுகிறேன். நான் என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: தோட்டத்தோடு என்று எழுதியிருக்கிறீர்களே, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே குடியிருப்பு வீடும் வணிகக் கட்டடமும் தடையின்றி வாங்கலாம். விவசாய நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அன்னியச் செலாவணி விதிகள் அனுமதிப்பதில்லை; வாரிசு முறையில் பெறுவதற்கு மட்டும் தடையில்லை. தரகர் அதை ‘காட்டேஜ்’ என்று சொல்லலாம். பட்டாவிலும் சிட்டாவிலும் அது புன்செய் நிலமாக இருந்தால் சட்டத்தின் பார்வையில் அது விவசாய நிலம். பதிவு முடிந்துவிட்டது என்பதால் அந்தக் குறை மறைந்துவிடாது.

வீட்டை மட்டும் தனியே வாங்க முடிந்தாலும் கட்டட அனுமதியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ‘ஹாக்கா’ என்று இங்கே சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வரும் கிராமங்களில், கட்டடம் எழுப்ப வனத் துறை, கனிமவளத் துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் வேண்டும். 2019-இல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் கொடைக்கானலில் விதிமீறிய கட்டடங்கள் பல பூட்டி முத்திரையிடப்பட்டதை ஊரார் மறக்கவில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகிய மூன்றோடு, அனுமதி பெற்ற வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை அளந்து பார்க்க ஒரு பொறியாளரை அனுப்புங்கள்.

சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விடுவதும் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதும் வேறு வேறு தொழில்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்துவிட்டதால், கோடைக் கூட்டத்தை மட்டும் நம்பி வருமானக் கணக்குப் போடாதீர்கள். மாத வாடகை குறைவாக இருந்தாலும் கவலையும் குறைவு. ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதி வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழகச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது.

உங்கள் வாடகைதாரர் வாடகையில் 31.2 சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு மீதியைத்தான் உங்களுக்குத் தர வேண்டும். இதற்குக் குறைந்தபட்ச வரம்பு எதுவும் இல்லை. இந்த வேலைக்குப் பயந்தே பலர் வெளிநாட்டில் இருப்பவரின் வீட்டைத் தவிர்க்கிறார்கள். குறைந்த வீதத்தில் பிடிக்க வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே சான்று பெற்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது. வாடகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கில்) வந்து சேர வேண்டும். வீட்டைக் கவனிக்க உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதினால், வாடகை வசூல், பழுதுபார்ப்பு, வழக்கு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விற்கும் உரிமையை அதில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து குன்னூரில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. அட்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் இலங்கைக் குடிமகன். அவன் இங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட விரும்புகிறான். என் பெயரில் வாங்கித் தரச் சொல்கிறான். செய்யலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: உங்கள் பெயரில் அவர் பணத்தில் வாங்குவதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பினாமிப் பரிவர்த்தனை. சொத்து பறிமுதலாவதோடு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி பெற வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை) அட்டையை அவர் வைத்திருந்தால் இந்தத் தடை அவருக்குப் பொருந்தாது. அதற்கான தகுதி இருக்கிறதா என்பதைக் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகத்தில் முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அனுமதி தேவையில்லை. இங்கே வந்து போகத் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது மட்டுமே அவர் நோக்கமானால், குத்தகையே போதும்.