கரியன் சோலைக்கு இரண்டு மணி நேரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பர் தொடக்கத்தில் ஆனைமலையிலுள்ள டாப்சிலிப் போய், வழிகாட்டியோடு கரியன் சோலைக்குள் நடந்தோம். முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். அட்டைக் கடிதான் மிச்சம். ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. மறுபடி போகலாமா?

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள கே.,

அவசியம் போங்கள். இந்த முறை வழிகாட்டியிடம், “ஒரு கிலோமீட்டர் போதும், இரண்டு மணி நேரம் வேண்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டாப்சிலிப்பைச் சுற்றித் தேக்கு, நல்ல வெளிச்சம். சோலையோ பசுமைமாறாக் காடு, நுழைந்ததுமே இருட்டும். கண் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை நகராதீர்கள். பிறகு இருபது அடி நடந்தால் இரண்டு நிமிடம் நில்லுங்கள், சருகின் மேல் அல்ல, பாறை மேல். அங்கே காதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பெரிய இருவாச்சி பறந்தால் நீராவி எஞ்சின் மூச்சுவிடுவதுபோல் கேட்கும். சிறகின் அடிப்புறத்தை மூடும் சிற்றிறகுகள் அதற்கு இல்லை. பெரிய இறகுகளின் இடுக்கில் காற்று புகுவதால் வரும் ஓசை அது. பழுத்த அத்தி மரம் கண்ணில் பட்டால் மீதி நேரத்தை அங்கேயே கழிக்கலாம்.

அட்டைக்கு: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நெருக்கமான நெசவுள்ள காடாத் துணி ஒரு மீட்டர் வாங்கி, முழங்கால்வரை வரும் உறையாகத் தைக்கக் கொடுங்கள். மேலே நாடா கோக்கணும். சாதாரண சாக்ஸின் கண்ணிகளுக்குள் அட்டை வாயை நுழைத்துவிடும். பேன்ட்டை உறைக்குள் செருகி, வெளியே துணி சோப்பை ஈரமில்லாமல் தேயுங்கள். கடித்துவிட்டால் உப்பும் நெருப்பும் வேண்டாம். அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்தில் கக்கும். மெல்லிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளி, அப்புறம் தடித்த முனையை எடுங்கள். ரத்தத்தை உறையவிடாத அட்டை எச்சில் உடம்பில் ஏறியிருப்பதால் கசிவு சில மணி நேரம்கூட நீளும். சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கட்டினால் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் போனது மழை முடிகிற சமயம். ஜனவரிக் கடைசியில் ஈரம் குறையும், அட்டையும் குறையும். இன்னும் தள்ளிப்போட்டால் காட்டுத்தீ அபாயத்தால் பாதையை மூடக்கூடும். கிளம்புமுன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரிக் கடைசி இருவாச்சி கூடுகட்டும் பருவமும்கூட. பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டிருக்கும். அப்படிப் பொந்து தெரிந்தால் படமெடுக்கக்கூட நிற்காமல் விலகிவிடுங்கள். ஆள் நின்றால் ஆண் பறவை பழத்தோடு கிட்டே வராது; உள்ளே இருப்பதற்கு வேறு சாப்பாடு இல்லை.