தேர்தல் முடிந்தும் தீராத சண்டை: வக்கீலக்கா பதில்கள்

2024 லோக்சபா தேர்தல். ஜூன் 4 அன்று ஓட்டு எண்ணி முடித்தார்கள். ஆகஸ்ட் பாதி தாண்டியும் எங்கள் பக்கம் பேச்சு அடங்கவில்லை. நான் சித்தூர் கோர்ட்டில் வழக்காடுகிறவள் (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்). ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் என்னிடம் கேட்டவை இவை. பேர் போட வேண்டாம் என்றார்கள். ஊர் மட்டும் போடுகிறேன்.

வேலந்தாவளம், இளநீர் வியாபாரி: அக்கா, எங்க மாமாவும் நானும் வேற வேற கட்சி. டில்லி சர்க்காரைக் குறை சொன்னால் தேசத் துரோகம், கேஸ் போட்டு உள்ளே தள்ளுவாங்க என்கிறார். நிஜமா?

குறை சொன்னதற்காக மட்டும் தள்ள முடியாது தம்பி. 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: அரசாங்கத்தை எவ்வளவு காட்டமாகப் பேசினாலும், வன்முறையைத் தூண்டாதவரை அது ராஜத்துரோகம் ஆகாது. ராஜத்துரோகத்துக்கான பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவை 2022 மே மாதம் கோர்ட்டே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் 152-ஆம் பிரிவு ஆயுள் தண்டனை வரை போகிறது, வாசகமும் ரொம்ப அகலம். எனக்கு அதில் கவலை உண்டு. ஆனாலும் அரசின் செயலை விமர்சிக்க அதன் விளக்கத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள். பாஜகவுக்கு 240 இடம், கூட்டணியோடு 293. டில்லியில் அவர் கட்சிதான் ஆள்கிறது, சரி. நம் ஆலத்தூர் தொகுதியில் ஜெயித்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ராதாகிருஷ்ணன். 2024-இல் அந்தக் கட்சி திருவனந்தபுரத்தில் ஆளுங்கட்சி, டில்லியில் எதிர்க்கட்சி. மாமா கட்சிக்கு அப்படியே தலைகீழ். எதிர்த்துப் பேசுவது துரோகம் என்றால், கேரள சர்க்காரை எதிர்த்து மாமா பிடித்த கொடிக்கு என்ன பேர்?

எருத்தேம்பதி, இடதுசாரி வாலிபர்: அப்படியென்றால் பேச்சுரிமைக்கு எங்கள் கட்சிதானே காவல்?

அப்படிச் சொல்லிவிட முடியாது கண்ணு. 2020 நவம்பரில் கேரள போலீஸ் சட்டத்தில் 118ஏ என்று ஒரு பிரிவை அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது உங்கள் அரசுதான். யாரையாவது இழிவுபடுத்திப் பதிவு போட்டால் மூன்று வருஷம் வரை ஜெயில். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது, உங்கள் தோழர்களே முகம் சுளித்தார்கள், சில நாளில் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதை மெச்சுகிறேன். கொண்டுவந்ததை மறக்க மாட்டேன்.

வடகரப்பதி, கோவில் கமிட்டிக்காரர்: மாரியம்மன் நோம்பியில் ஒரு கட்சிக்காரர் மைக்கை வாங்கி, தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் சாமிக்கு எதிரி என்றார். நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

மைக்கை அணைத்திருக்க வேண்டும் ஐயா. மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1988-இலேயே வந்துவிட்டது. கோவில், பள்ளிவாசல், சர்ச் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: அந்த இடத்தைக் கட்சி வேலைக்குக் கொடுக்கக் கூடாது. ஐந்து வருஷம் வரை தண்டனை, 10,000 ரூபாய் வரை அபராதம். மீறல் நடந்தால் போலீசுக்குச் சொல்வதும் நிர்வாகியின் கடமை.

எனக்கு இதில் சட்டத்தைவிட மனசுதான் வலிக்கிறது. விடியற்காலையில் ஈரப் புடவையோடு கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வரிசையில் நிற்பேன். எனக்கு முன்னால் நிற்பது காங்கிரஸ்காரர் வீட்டு அம்மிணி, பின்னால் பாஜக பூத் ஏஜென்ட்டின் அம்மா. குடம் கனத்தால் ஒருத்திக்கொருத்தி கை கொடுப்போம். அந்த வரிசையில் யார் சாமிக்கு எதிரி என்று பிரிக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கோவிந்தாபுரம், ஒரு தாய்: பத்தாவது படிக்கும் என் மகள் சுதந்திர தின விழாவில் எழுந்து நின்றாள், ஆனால் கூட்டம் போட்ட சாமி கோஷத்தைச் சொல்லவில்லை. நாட்டை விட்டுப் போ என்று பக்கத்து வீட்டுக்காரர் திட்டினார். அவள் செய்தது தப்பா?

தப்பே இல்லை அம்மிணி. 1985-இல் கோட்டயம் மாவட்டத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள். கேரள ஹைகோர்ட் கைவிட்டது. 1986 ஆகஸ்ட் 11 அன்று சுப்ரீம் கோர்ட் நீக்கியது தவறு என்று தீர்ப்பளித்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. எழுதியவர் ஆந்திராக்காரரான நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. நம் மரபும் தத்துவமும் அரசியல் சட்டமும் சகிப்பையே சொல்கின்றன, அதில் தண்ணீர் கலக்க வேண்டாம் என்று முடித்தார்.

தேசிய கீதத்துக்கே இதுதான் நிலைமை. கோஷத்துக்கு எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இதை மகளிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்; பிள்ளை தனியாக நின்றோம் என்று நினைத்துவிடக் கூடாது.

கோபாலபுரம்: மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டவர்மேல் இப்போது வழக்குப் போடலாமா?

தேர்தல் வழக்கு என்றால் நேரம் போய்விட்டது. முடிவு வந்து 45 நாளுக்குள் ஹைகோர்ட்டில் போட வேண்டும்; ஜூலை 19-ஓடு சரி. அடுத்த முறைக்கு நினைவில் வையுங்கள்: சுப்ரீம் கோர்ட்டின் 2017 ஜனவரி 2 தீர்ப்பின்படி வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது தேர்தல் சட்டம் சொல்லும் ஊழல் நடவடிக்கை. ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள்.

நாட்டுக்கல்: சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். ஒருவர் மதத்தைத் திட்டிப் போடுகிறார். என்னைப் பிடிப்பார்களா?

வேறொருவர் போட்டதற்கு அட்மின் பொறுப்பில்லை என்று கேரள ஹைகோர்ட் 2022 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நீக்குங்கள். அத்தை, சித்தி எல்லாம் பார்க்கிற இடம்.

ஒழலப்பதி, பெரியவர்: என்னை மிரட்டியவர்மேல் ஸ்டேஷனில் புகார் கொடுக்க வேண்டும். மலையாளம் எழுத வராது.

தமிழிலேயே எழுதுங்கள் ஐயா. குறைதீர்க்கக் கேட்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம். அரசியல் சட்டம் 350-ஆம் பிரிவு. அவர் சொன்ன வார்த்தை, நாள், நேரம், கூட இருந்தவர்கள் பேர் எல்லாம் வரட்டும். ரசீது வாங்காமல் வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். திங்கட்கிழமை காலையில் பத்து மணிக்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன்.