கறித்தூள் கசக்கிறதா?

சகோதரி, 1 கிலோ மல்லிக்கு 100 கிராம் வெந்தயம் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே சட்டியில் வறுத்து மில்லில் அரைத்தீர்கள். தூள் கசக்கிறது, இரண்டே வாரத்தில் கட்டிதட்டியும் விட்டது என்கிறீர்கள். கசப்புக்குக் காரணம் வெந்தயம்தான். மீன் கறித்தூளுக்கே 1 கிலோ மல்லிக்கு 25 கிராம் தாராளம். ஆட்டிறைச்சிக்கு அதையும் குறைத்து, சோம்பைக் கூட்டுங்கள்.

அளவைவிட வறுவல்தான் பெரிய விஷயம். மல்லி மணக்கத் தொடங்குவதற்குள் வெந்தயம் கருகிவிடும். அதைத் தனியாக, சிறு தீயில் வறுத்து, லேசாகச் சிவந்ததுமே தட்டில் கொட்டுங்கள். சட்டியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வறுபட்டுக்கொண்டே இருக்கும். மிளகாய்க்கு நல்ல வெயில் போதும், ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை மழையை நம்ப முடியாது. மதியமே எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். விரலி மஞ்சள் வளையாமல் சட்டென்று முறிய வேண்டும்.

மில்லிலிருந்து வரும் தூள் கைசுடும். அப்படியே போத்தலில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிதட்டும். அகலமான தட்டில் பரப்பி, முழுவதும் ஆறிய பிறகே அடையுங்கள்.

இப்போதுள்ள தூளில் பூசண வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள். வாடை இல்லையென்றால், வெந்தயம் சேர்க்காமல் இன்னொரு பங்கு அரைத்துக் கலந்து பாருங்கள். வெந்தயம் கருகியிருந்தால் மட்டும் இது பலிக்காது.