லேசிக் செய்த கண்ணுக்கு வயதாகும்போது: நீலகிரி, கொடைக்கானல் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஆசிரியை, குன்னூர்): 25 வயதில் கண் பவரைச் சரிசெய்யும் லேசிக் என்ற லேசர் அறுவையைச் செய்துகொண்டேன். இப்போது 46. எதிர்மலைத் தேயிலைத் தோட்டம் தெளிவாகத் தெரிகிறது. விடைத்தாள் எழுத்துதான் மங்குகிறது. பழைய பவர் திரும்பிவிட்டதா?

பதில்: இல்லை அம்மா. தூரம் தெளிவாக இருப்பதால், இது பெரும்பாலும் வெள்ளெழுத்துதான். லேசர் சீரமைத்தது கண்ணின் முன்புறமுள்ள கருவிழியை மட்டுமே. அதன் பின்னால் இருக்கும் லென்ஸ் எல்லோருக்கும் போல உங்களுக்கும் ஆண்டுதோறும் இறுகிக்கொண்டே வந்து, நாற்பதைக் கடந்ததும் அருகில் குவியும் திறனை இழக்கிறது. கிட்டப்பார்வை உள்ளவர் பலர் இந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொள்வார்கள். லேசிக் செய்தவருக்கு அந்த வசதி போய்விடுகிறது. இதை அறுவைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படிப்பதற்கு மட்டும் கண்ணாடி அணியுங்கள்.

கேள்வி (தையற்காரர், கோத்தகிரி): கண்ணாடி வேண்டாம். மறுபடியும் லேசர் செய்யலாமா?

பதில்: கருவிழியின் தடிமன் போதுமானால், ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அருகுக்கும் அமைக்கலாம். ஆனால் ஆழத்தைக் கணிக்கும் திறன் குறையும். ஊசியில் நூல் கோப்பவருக்கும், இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்கும் அது சங்கடம் தரலாம். முதலில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுச் சில வாரம் பழகிப் பாருங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்றவர், கொடைக்கானல்): கிட்டப்பார்வைக்கு லேசிக் செய்த எனக்கு இப்போது கண்புரை. பழைய ஃபைல் அவசியமா?

பதில்: இருந்தால் கட்டாயம் கொண்டு செல்லுங்கள், உதவும். உள்ளே வைக்கும் செயற்கை லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து கணக்கிடுகிறார்கள். லேசர் கருவிழியின் முன்பக்கத்தை மட்டும் தட்டையாக்கியிருப்பதால், வழக்கமான கருவி அதன் ஆற்றலைக் கூடுதலாகக் காட்டிவிடும். அதை நம்பினால் குறைந்த பவர் லென்ஸ் வைக்கப்பட்டு, அறுவைக்குப் பின் தூரப்பார்வைக் குறை (பிளஸ் பவர்) வந்து சேரும். ஃபைல் கிடைக்காவிட்டாலும் இதற்கென்றே தனிச் சூத்திரங்கள் உண்டு. ஆனால் லேசிக் செய்ததை நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அவற்றைப் பயன்படுத்துவார்.

கேள்வி (ஊட்டி): குறை எதுவும் இல்லை. ஆண்டுதோறும் பரிசோதனை தேவையா?

பதில்: தேவை. கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகி, கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் மறைந்துகொள்ளக்கூடும். நீண்டு வளர்ந்த கிட்டப்பார்வைக் கண்ணின் நீளத்தையும் லேசர் மாற்றுவதில்லை. ஆகவே விழித்திரை கிழியும் அபாயமும் அப்படியே தொடர்கிறது. திடீரென மின்னல் போன்ற ஒளியோ, மிதக்கும் கரும்புள்ளிகளோ, ஓரத்தில் திரை விழுந்தாற்போன்ற நிழலோ தோன்றினால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இராமல் அன்றே கோவைக்கோ மதுரைக்கோ கிளம்பிவிடுங்கள்.