வீட்டுக்குள்ள வளர்க்குற கோழிக்கு டயாபர் போடலாமா, சரிப்பட்டு வருமா?

போடலாம், ஆனா சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேரத்துக்குத்தான். நாள் பூரா மாட்டிவிட்டு அபார்ட்மென்ட்ல பூனை வளர்க்குற மாதிரி வளர்க்கப் போறேன்னு கேட்டீங்கன்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

நான் இருக்குறது அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல. ஜனவரில மைனஸ் 20 டிகிரிக்குக் கீழ போற ராத்திரியெல்லாம் இங்க சகஜம், பெரிய கொண்டை உள்ள கோழிக்கு அந்தக் குளிர்ல கொண்டை நுனி கறுத்துப் போயிடும். அப்படித்தான் எங்க கோழி ஒண்ணு உள்ள வந்துச்சு. உள்ள வெதுவெதுப்புக்குப் பழகினதை திடீர்னு அந்தக் குளிர்ல கொண்டுபோய் விட முடியாதுங்குறதால பனி உருகுற வரைக்கும் நம்ம கூடத்தான். டயாபர் கிடைக்குறது இங்க பெரிய விஷயமே இல்ல, எட்ஸிங்குற ஆன்லைன் கடைல தேடினா பூப்போட்டது, புள்ளி போட்டது, பாவாடை மாதிரி கொசுவம் வச்சதுன்னு என்னென்னமோ வரும் (கோழிக்கு அது எதுவும் தெரியாது, எல்லாம் போட்டோ எடுக்குறவங்களுக்காக).

குழந்தை டயாபர் மாதிரி காலை நுழைச்சு மாட்டுறது இல்ல இது. ரெண்டு எலாஸ்டிக் பட்டை இறக்கைக்கு அடியால சுத்தி வந்து முதுகுல மாட்டிக்கும், பின்னாடி ஒரு துணிப்பை, வால் மட்டும் வெளிய நீட்டிட்டு இருக்கும். அந்தப் பை கொஞ்சம் தொங்கலா இருக்கணும், எச்சம் நேரா பை அடியில போய் விழணும், சின்ன சைஸ் வாங்கி இழுத்து மாட்டினா எல்லாம் இறகுலயே அப்பிக்கும். பைக்குள்ள பேப்பர் டவல மடிச்சு வச்சா போதும். முதல் தடவை மாட்டினா கோழி பின்னாடியே நடக்கும், பையில இருந்து தப்பிச்சு வெளிய வந்துடலாம்னு நினைக்குமோ என்னமோ, கொஞ்ச நேரத்துல பழகிடும்.

பழக்கினா அடக்கிக்காதான்னு சில பேர் கேக்குறாங்க. கோழிக்கு மூத்திரப்பையே கிடையாது, எல்லாம் ஒரே வழிதான், எச்சத்து மேல வெள்ளையா இருக்கே அதுதான் மூத்திரம். அதனால அரை மணிக்கு ஒரு தடவைன்னு போய்க்கிட்டே இருக்கும். அடைக்கோழி மட்டும் விதிவிலக்கு, நாள் பூரா அடக்கி வச்சுட்டு முட்டைய விட்டு இறங்கினதும் மொத்தமா ஒரே குவியலா போடும், ஊர்ல கோழி அடை வச்சவங்களுக்கு அந்த நாத்தம் தெரியும். சாதாரண எச்சம் அவ்வளவா நாறாது. 8-10 தடவைக்கு ஒரு தடவை குருட்டுக்குடல்ல இருந்து பசை மாதிரி, சாக்லேட் கலர்ல ஒண்ணு வரும் பாருங்க, அதுக்கு எந்த டயாபரும் தாங்காது, உடனே கழட்டி மாத்தணும். அது வரலன்னாலும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, அம்மோனியா பட்டு தோல் வெந்துடும், வெயில் காலம்னா ஈ முட்டை வச்சு புழுவே பிடிச்சுடும்.

இதை விட எனக்குப் பெரிய பிரச்சனையா படுறது மண் குளியல். கோழி மண்ணுல புரண்டுதான் பேனையும் செல்லுப்பூச்சியையும் விரட்டும், வாலுக்கு மேல இருக்குற எண்ணெய்ச் சுரப்பிய அலகால தொட்டு இறகு பூரா நீவிக்கும். பட்டை மாட்டியிருந்தா ரெண்டுமே ஒழுங்கா நடக்காது. அதனால பகல்ல நம்ம கோழிக்கு டயாபர் கிடையாது, பேஸ்மென்ட்ல பெரிய நாய்க்கூண்டு, மரத்தூள், ஒரு டப் நிறைய மண்ணு, அவ்வளவுதான். முட்டை போடுறதும் அங்கதான், டயாபரோட போட்டா பைக்குள்ளயே உடைஞ்சு தொலையும். ராத்திரி அடையும்போதும் கழட்டிடணும்.

தனியா ஒரே ஒரு கோழி வேண்டாம், கூட்டத்துல வாழுற ஜீவன் அது. ரொம்ப நாள் பிரிச்சு வச்சுட்டு திரும்ப விட்டாலும் மத்ததெல்லாம் புதுசா வந்தவளா நினைச்சு கொத்தும், ஒரு வாரம் வலைக்கு அந்தப் பக்கம் வச்சுக் காட்டிட்டுத்தான் சேர்க்கணும்.

வீட்ல 5 வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா இந்த ஐடியாவையே விட்டுடுங்க. டயாபர் சோபாவைத்தான் காப்பாத்தும், வயித்துப்போக்கு வர வைக்குற சால்மொனெல்லா கிருமி இறகுலயும் கால்லயும் இருக்கும். இங்க சிடிசி (அரசோட நோய்த்தடுப்பு மையம்) கோழிய வீட்டுக்குள்ளயே விடாதீங்க, முத்தம் குடுக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றதும் அதுக்காகத்தான். எங்க வீட்ல கிச்சன் பக்கம் அதுக்கு நோ என்ட்ரி, தூக்கினவங்க கை கழுவிட்டுத்தான் அடுத்த வேலை, அழுக்கு டயாபர உதறிட்டு தனி பக்கெட்ல ஊற வச்சு தனியா சுடுதண்ணில துவைக்கிறோம், மத்த துணியோட சேர்த்து மெஷின்ல போடுறதே இல்ல.