கத்திரி வெயிலுக்கு அப்பெயர் வந்தது எப்படி?

கேள்வி: அக்கினி நட்சத்திரத்தை எங்கள் ஊரில் கத்திரி வெயில் என்கிறோம். கத்திரிக்காய் காய்க்கும் காலம் என்பதாலா? (வாசகர் ஒருவர், காவேரிப்பட்டினம்)

பதில்: கத்திரிக்காய்க்கும் இதற்கும் தொடர்பில்லை, அது உங்கள் சந்தையில் ஆண்டு முழுவதும் கிடைப்பதுதானே! பஞ்சாங்கத்தில் ‘கர்த்தரி ஆரம்பம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். வெட்டும் கருவியைக் குறிக்கும் கர்த்தரி என்ற வடசொல்லே பேச்சில் கத்திரியாயிற்று. சூரியன் பரணி நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் (பாதம் என்பது நட்சத்திரத்தின் கால் பங்கு) நுழைந்து, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதற்பாதத்தை விட்டு நீங்கும் வரையுள்ள ஏழு பாதங்களே கத்திரிக் காலம். ஒரு பாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நாளாக, மே 4 முதல் 28 வரை வரும். நடுவிலுள்ள கார்த்திகைக்கு அதிதேவதை அக்கினி என்பதால் அக்கினி நட்சத்திரம் என்ற மற்றப் பெயர் அமைந்தது. புறநானூற்றின் 229ஆம் பாட்டு கார்த்திகையை ‘அழல்’ என்றே சொல்வதால், அவ்விண்மீனை நெருப்போடு சேர்த்து எண்ணும் வழக்கம் தமிழிலும் பழையது.

வானிலைத் துறை இக்கணக்கைக் கொள்வதில்லை. கிருஷ்ணகிரியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலேயே. ஆனால் மண்ணும் பாறையும் சூட்டைச் சேர்த்துவைத்துக் கக்குவதால் மே மாதமும் தகிக்கிறது. இடையே ஒரு கோடை மழை இடியோடு இறங்கி, மாந்தோப்பில் முற்றாத காய்களை உதிர்த்துவிட்டால், அன்று மாலை கத்திரியாவது ஒன்றாவது!