பட்டறை பதில்கள்: குழல் வாயில் ஒரு பிசிறு

கேள்வி: அப்பா வைத்திருந்த .315 ரைஃபிள், லைசென்ஸ் என் பெயருக்கு மாறி ஆறு வருடம் ஆகிறது. பன்றி சுடுவதற்கு எங்கள் பஞ்சாயத்து வைத்திருக்கும் பட்டியலில் என் பெயரும் உண்டு. முன்பு 50 கஜத்தில் தேங்காய்த் தொட்டி தப்பாது. ஐப்பசியில் ஜீப்பிலிருந்து இறக்கும்போது வாய்ப்பக்கம் கல்லில் இடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்று இடம், ஒன்று வலம், ஒரு சாண் தள்ளிப் போகிறது. லேத்காரர் ஒருவர் ஒரு இஞ்ச் வெட்டினால் சரியாகும் என்கிறார். இன்னொருவர் பேரலே போச்சு என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டு பேர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்காதீர்கள் தம்பி. உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பின்பகுதி) கழற்றித் தனியாக வையுங்கள். இனி நான் சொல்வதெல்லாம் போல்ட் இல்லாத துப்பாக்கிக்கு.

வாய் இடித்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியது முன்குறியை, அதாவது குறி பார்க்கும் முன்முனையை. அது வாய்க்குப் பக்கத்தில்தானே நிற்கிறது? ஆனால் முன்குறி நகர்ந்திருந்தால் எல்லாக் குண்டும் கூட்டமாக ஒரே பக்கம் விலகும். உங்களுக்கு இடமும் வலமுமாகச் சிதறுகிறது. ஒன்று, முன்குறி ஆடிக்கொண்டிருக்க வேண்டும். விரலால் அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இல்லையென்றால் கோளாறு குழல் வாயிலோ, குழலைத் தாங்கும் மரக்கட்டையிலோ, குண்டின் உறையிலிருந்து உள்ளே படிந்த செம்பிலோ இருக்கிறது.

குழல் வாய்க்கு ஒரு சோதனை. மருந்துக்கடைப் பஞ்சில் ஒரு நுனி பிய்த்து, வாயின் உள்விளிம்பில் உள்ளேயிருந்து வெளியே மெதுவாக இழுங்கள். பன்னிரண்டு மணியில் ஆரம்பித்து ஒரு சுற்று வாருங்கள். எங்கே ஒரு இழை மாட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கே பிசிறு. பூதக்கண்ணாடிக்குத் தப்புவதும் பஞ்சுக்குத் தப்பாது.

இது நான் கண்டுபிடித்ததல்ல. செகந்தராபாத்தில் ஆர்மரர் (ராணுவத்தில் துப்பாக்கிப் பழுது பார்ப்பவர்) பயிற்சி முடித்த புதிதில், ஒரு யூனிட்டிலிருந்து வந்த மூன்று .303 ரைஃபிளுக்கு 'பேரல் தேய்ந்தது' என்று சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன். உஸ்தாத் ஒன்றும் பேசவில்லை. காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்து (அத்தர் வாசனையோடு) முதல் குழலின் வாயில் ஒரு சுற்று சுற்றினார். நாலு மணி இடத்தில் ஒரு வெள்ளை இழை நின்று காற்றில் ஆடியது. மற்ற இரண்டுக்கும் அம்மோனியா கலந்த மருந்தைப் போட்டு, அரை மணி கழித்துத் துணியை இழுத்தார். மயில் கழுத்து நிறத்தில் வந்தது. உள்ளே அப்பியிருந்த செம்பு. மூன்று பேரலின் விலை என் சம்பளத்தில் எத்தனை மாதம் என்று இந்தியில் கணக்குச் சொன்னார். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

விளிம்பில் இத்துணூண்டு பிசிறு இருந்தால் என்ன என்று கேட்கலாம். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். பின்னால் தள்ளிக்கொண்டு வரும் புகை, குண்டு வாயைத் தாண்டும்போது சுற்றிலும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் விளிம்பு நசுங்கியிருந்தால் அங்கே மட்டும் முந்திக்கொண்டு பீறிட்டு, குண்டின் அடியை ஒரு தட்டுத் தட்டிவிடும். சுற்றுகிற பம்பரத்தை விரலால் தொட்டால் என்ன ஆகும்? அதுதான்.

லேத்காரர் விஷயத்துக்கு வருகிறேன். நானும் லேத் வைத்திருப்பவன்தான். கோபாலபுரத்தில் பம்ப் ஷாஃப்ட் கடைகிறேன். துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டினால் என் அண்ணன் மகனாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, அதற்கான லைசென்ஸ் இல்லாதவன் துப்பாக்கிப் பழுது பார்க்கும் தொழில் செய்யக்கூடாது. அடுத்த பிரிவு லைசென்ஸ் இல்லாமல் குழலைக் குட்டையாக்குவதையே தனியாகத் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஒரு இஞ்ச் வெட்டினால் முன்குறியை எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று கேட்டீர்களா?

லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். உங்கள் கேஸில் வாயை அரை நூல் சீவி, விளிம்பைப் புதிதாகக் கடைந்தாலே போதும் என்று நினைக்கிறேன். கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: "எதை வைத்து சென்டர் பிடிப்பீங்க?" குழலின் வெளிப்பக்கத்தை மூன்று தாடை சக்கில் பிடித்துக் கடைவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிவட்டத்துக்கு நடுவில்தான் துளை இருக்கும் என்று நிச்சயமில்லை. நாலு தாடை சக்கில் பிடித்து, டயல் கேஜ் முள்ளைத் துளைக்குள் விட்டு, முள் ஆடாமல் நிற்கும் வரை திருப்பித் திருப்பிச் சரிசெய்கிறவர்தான் வேலைக்காரர். விளிம்பைக் கொஞ்சம் உள்வாங்கிக் கடையச் சொல்லுங்கள். அடுத்த தடவை கல்லில் இடித்தால் வெளிவளையம் அடி வாங்கிக்கொள்ளும். விளிம்புக்கு 11 டிகிரி சாய்வு என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதில் மந்திரம் ஒன்றுமில்லை, துளைக்கு நேராக இருந்தால் சரி.

பஞ்சு எங்கேயும் மாட்டவில்லையா? அப்படியானால் அப்பா எப்படித் துடைத்தார் என்று யோசியுங்கள். இரும்புக் கம்பியை வாய் வழியாக விட்டுத் தேய்த்திருந்தால், வாயிலிருந்து விரற்கடை ஆழத்துக்கு, குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். துணி கட்டிக் குழலுக்குள் இழுத்துத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றைக் கோணலாக இழுத்தாலும் இதே கதிதான். அதற்குத் தேய்ந்த ஆழம் வரை துளையைப் பெரிதாக்கி, நல்ல வரி தொடங்கும் இடத்தைப் புது வாயாக்கும் வித்தை உண்டு. பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள்களில் இதை நிறையவே செய்திருக்கிறார்கள். குழலின் நீளம் குறையாது, முன்குறியும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

உள்ளே துருக்குழி விழுந்திருந்தால் நிரப்ப வழியில்லை. ஈயத்தை உருக்கி வார்த்த துண்டில் தேய்ப்புப் பொடி தடவிக் குழலுக்குள் இழுத்தால் மேலோட்டமான சொரசொரப்புப் போகும், கூடவே துளையும் விரியும். பழைய தோட்டாக்களின் கேப்பில் (மருந்துக்குத் தீ மூட்டும் பகுதி) குளோரேட் இருந்தது. அது விட்டுப்போகிற, துருவை வரவழைக்கும் உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். .303 சுட்ட அன்றைக்கு சாயங்காலமே கெட்டில் கெட்டிலாகக் கொதிநீர் ஊற்றுவோம். பாலக்காட்டுக் கணவாய் ஈரத்தில் அந்த உப்பை உள்ளே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் கட்டை ஊதி ஒரு பக்கம் குழலைத் தள்ளுவதும் உண்டு. கட்டையின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் ரைஃபிள் கிளப் ரேஞ்சில் மணல் மூட்டை மேல் தாங்கி, ஒரே பெட்டித் தோட்டாவில் ஐந்து சுட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதுவரை பஞ்சாயத்திலிருந்து ஃபோன் வந்தால் வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லிவிடுங்கள். உங்கள் கேரளப் பக்கம் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவரே பன்றி சுட உத்தரவு போடலாம் என்று ஆகிவிட்டது. காயம்பட்ட பன்றி நெல்லுக்குள் புகுந்தால், அடுத்த நாள் களை எடுக்கப் போகிற பெண்கள்தான் அதை எதிர்கொள்ள வேண்டும்.

கேள்வி: மகனின் ஏர் ரைஃபிள் (.177) குறி தவறுகிறது. பேரலுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: வேண்டாம்மா. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் காற்று அழுந்தும் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஒரு பெல்லட் வேகமாகவும் அடுத்தது மந்தமாகவும் போகும். பேரலை மடக்குகிற இடத்தில் ஒரு வாஷர் இருக்கும். அதன் ஓரத்தில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, பாதுகாப்பான திசையில் பெல்லட்டோடு ஒன்று சுடச் சொல்லுங்கள். காகிதம் பறந்தால் காற்று அங்கே கசிகிறது. வாஷர்தான் மாற்ற வேண்டும். பேரல் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் எடுக்காமல் வைத்திருந்த ரெட்டைக்குழலில் குளவி கூடு கட்டியிருக்கிறது. ஒரு வெடி வைத்தால் தானே போய்விடும் என்கிறார் மாமா.
– வாசகர், நெம்மாறை

பதில்: கூடு போகும், கூடவே குழலும் போகும். அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் கூடி அந்த இடத்தில் குழல் உப்பிவிடும், வெடிக்கவும் செய்யும். உப்பிய குழலைப் பழையபடி ஆக்குவது லேசான காரியமில்லை. இதற்கு முன் மாமா அப்படி வைத்திருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம். கூட்டை மரக்குச்சியால் தள்ளி எடுத்துவிட்டு, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். நடுவில் எங்கேயாவது கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் அதில் தோட்டா போடாதீர்கள். லைசென்ஸ் உள்ள கடையில் காட்டுங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.